மெஷின் தள்ளிவிட்ட குவியல்

நூலகப் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னைப் பார்த்ததும் கேட்பது ஒரே கேள்விதான். "சார், இனிமே நமக்கெல்லாம் வேலை இருக்குமா?" ஆய்வுக் கட்டுரைகளை மெஷினே, அதாவது கம்ப்யூட்டரில் ஓடும் ஏஐயே, படித்து, வேண்டும் வேண்டாம் என்று பிரித்து வைத்துவிடுகிறதாம். அதற்கு அப்புறம் நூலகர் எதற்கு என்று உங்களுக்குக் கவலை. கேட்கும்போதே முகம் தொங்கிப் போகிறது. எனக்கோ கோபம் வருகிறது. வேலைக்கு வந்த முதல் மாதமே ஓய்வு பெறுகிறவன் மாதிரிப் பேசினால் யாருக்குத்தான் கோபம் வராது?

நான் ஆரணியில் ஒரு பிசியோதெரபி கல்லூரியின் தலைமை நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். சொந்த ஊர் களம்பூர். பணியின் கடைசி வருஷங்களில்தான் அந்த மெஷின் எங்கள் நூலகத்துக்கு வந்தது. அதை வைத்து வேலை செய்யக் கற்றுக்கொடுத்தவர் எனக்குக் கீழே உதவி நூலகராக இருந்தவர், பக்கத்தில் உள்ள சேத்துப்பட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோன ஒரு பெண். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். இதை எழுதப்போகிறேன் என்றதும், "எம் பேரப் போட்டீங்கன்னா அப்புறம் உங்ககூடப் பேசவே மாட்டேன் சார்" என்று சொல்லிவிட்டார். சொன்னால் செய்வார். அதனால் உதவி நூலகர் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். இந்தத் தொழிலில் உங்கள் குரு யார் என்று என்னைக் கேட்டால் அவரைத்தான் கைகாட்டுவேன்.

எங்கள் கல்லூரியில் கலைவாணி என்று ஒரு பெண் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தாள். ஊர் ஆரணியேதான். அப்பா பட்டுப்புடவை நெய்கிறவர். பள்ளத்தில் காலை விட்டு உட்கார்ந்து தறி மிதித்தே முழங்கால் தேய்ந்து, பஸ் படி ஏற முடியாமல் போனவர். அதைப் பார்த்துத்தான் இவள் பிசியோதெரபி படிக்க வந்தாள். கைத்தறித் தொழிலில் ஈடுபடுவோருக்கு வரும் உடல் வலிகள், அவற்றைக் குறைக்கும் வழிகள் என்பது அவள் எடுத்துக்கொண்ட பொருள். இதைப் பற்றி உலகத்தில் இதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் தேடி எடுத்து, பொருந்துவதை வைத்துக்கொண்டு, மொத்தத்தில் என்ன தெரிகிறது என்று முதலில் ஒரு தொகுப்பு எழுத வேண்டும்.

அந்தத் தொகுப்பில் பட்டத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று அடங்கியிருந்தது. கலைவாணியின் வழிகாட்டியான பேராசிரியர் அலைந்து திரிந்து ஒரு அறக்கட்டளையைப் பிடித்திருந்தார். ஆரணியில் இலவச சிகிச்சை முகாம் நடத்தவும், வலியைக் குறைக்கும் இருக்கைகளும் கருவிகளும் வாங்கிக் கொடுக்கவும் அவர்கள் தயார். யாருக்கு, எந்த வலிக்கு, என்ன கொடுப்பது என்பதை இந்தத் தொகுப்பை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். இதில் இடம்பெறாதவர்களுக்கு எதுவும் கிடைக்காது. அனுப்ப வேண்டிய கடைசித் தேதியும் குறித்துக் கொடுத்துவிட்டார்கள்.

கலைவாணி முதல் தடவை எங்கள் மேஜைக்கு வந்தபோது உதவி நூலகர் அவளை உட்கார வைத்து ஒரு கேள்வி கேட்டார்.

"தொழில்ல ஈடுபடுவோர்னா யாரெல்லாம்மா?"

"தறியில உக்கார்றவங்கதாங்க மேடம். வேற யாரு?"

உதவி நூலகர் தலையை ஆட்டிக்கொண்டார். ஆனால் தேடும் சொற்களை எழுதும்போது நெசவோடு நிறுத்தவில்லை. நூல் சுற்றுவது, நெடுக்கு நூலை நீட்டிப் பாவு போடுவது, சாயம் தோய்ப்பது என்று தொழிலின் முன்னும் பின்னும் உள்ள எல்லாவற்றுக்கும் சொல் சேர்த்தார். வலையைப் பெரிதாக வீசுவோம், வேண்டாத மீனை அப்புறம் விட்டுக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி. அப்படி வீசியதில் ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் வந்து விழுந்தன.

முன்னெல்லாம் இத்தனையையும் ஒவ்வொன்றாகப் படித்துக் கழிப்பதற்குள் ஆய்வு மாணவர்களுக்குக் கண் பூத்துப் போகும். மெஷின் வந்த பிறகு வேலை மாறிவிட்டது. ஆய்வு செய்கிறவர் கொஞ்சம் கட்டுரைகளின் சுருக்கத்தைப் படித்து, இது வேண்டும், இது வேண்டாம் என்று குறித்துக் கொடுப்பார். அதைப் பார்த்து மெஷின் அவருடைய மனசைக் கற்றுக்கொள்ளும். மீதியுள்ளவற்றை அதுவே வரிசைப்படுத்தி, வேண்டியதாகத் தோன்றுவதை மேலேயும் வேண்டாததை அடியிலும் வைக்கும். மேலிருந்து படித்துக்கொண்டே வர வேண்டியதுதான். ஒரு கட்டத்துக்கு மேல் வெறும் வேண்டாதவையாகவே வந்துகொண்டிருந்தால், இனி கீழே ஒன்றுமில்லை என்று நிறுத்திக்கொள்ளலாம்.

கலைவாணி அப்படித்தான் செய்தாள். மெஷின் அழகாகப் பிரித்துக் கொடுத்தது. தறிப் பள்ளம், முழங்கால், முதுகுத்தண்டு என்று வேண்டிய கட்டுரைகள் மேலே மேலே வந்தன. மாதக்கணக்கில் ஆகிற வேலை சில நாட்களில் முடிந்துவிட்டது. எனக்கே மலைப்பாக இருந்தது. உதவி நூலகரும் அந்த மெஷின் மேல் ஆசையாகத்தான் இருந்தார். "இதுக்குக் களைப்பும் வராது, கோவமும் வராது, உங்கள மாதிரி இல்ல சார்" என்று என்னைக் குத்திக் காட்டுவார். மெஷினைக் கண்டு பயந்த ஆள் என்று அவரை நினைத்துவிடாதீர்கள்.

கடைசித் தேதி நெருங்கியது. கலைவாணி எழுதி முடித்ததைப் பேராசிரியர் அனுப்புவதற்குத் தயாராக வைத்துவிட்டார். அந்த மாதிரித் தொகுப்பில், தேடியது யார், மெஷின் பிரித்ததைச் சரிபார்த்தது யார் என்று குறிப்பிட வேண்டும். அங்கே எங்கள் உதவி நூலகர் பெயர் வர வேண்டும். அவர் தன் பெயரைக் கொடுப்பதற்கு முன்னால், மெஷின் அடியில் தள்ளிய குவியலிலிருந்து கொஞ்சம் கட்டுரைகளை எந்த வரிசையும் பார்க்காமல் உருவி எடுத்துப் படிக்க உட்கார்ந்தார்.

எனக்கு அது உடனே புரிந்தது. எங்கள் களம்பூரில் நெல் வாங்க வருகிறவர்கள் மூட்டையின் வாயைப் பிரித்துக் காட்டினால் பார்க்கவே மாட்டார்கள். கூரான இரும்புக் குழாயை மூட்டையின் வயிற்றில் குத்தி, உள்ளேயிருந்து ஒரு கை நெல்லை எடுத்துப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். இவர் மெஷினின் மூட்டையைக் குத்திப் பார்த்தார்.

எடுத்ததில் பெரும்பாலானவை உண்மையிலேயே வேண்டாதவைதான். தறிக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. வீட்டில் உட்கார்ந்து ராட்டையில் நெசவுக்கு நூல் சுற்றும் பெண்களின் தோள்வலி பற்றிய கட்டுரை அது. இது எப்படி அடிக்குப் போனது என்று பார்ப்பதற்காக, கலைவாணி ஆரம்பத்தில் மெஷினுக்குச் சொல்லிக் கொடுத்தவற்றைத் திறந்தார். அதில் நூல் சுற்றுபவர்களைப் பற்றி வந்த ஒவ்வொரு கட்டுரைக்கும் "வேண்டாம்" என்று குறித்திருந்தது.

கலைவாணியைக் கூப்பிட்டுக் கேட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"இதெல்லாம் ஏம்மா வேணாம்னு போட்டீங்க?"

அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "மேடம், அது தார் சுத்துறதுங்க. அத்தப் போயி வேலைன்னு எப்படிங்க சொல்றது? வீட்டுப் பொம்பளைங்க சமைச்சிகினு, புள்ளைங்களப் பாத்துகினு, சைடுல ஒத்தாசைக்குச் சுத்துவாங்க."

உங்களில் வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. தறியில் குறுக்கே ஓடும் நூலைச் சின்னக் குழலில் ராட்டை வைத்துச் சுற்றிக் கொடுப்பதுதான் தார் சுற்றுவது. அந்தக் குழலைத் தறியில் இங்குமங்கும் ஓடும் நாடாவுக்குள் வைத்தால்தான் நெய்ய முடியும். ஆரணியில் தறி இருக்கிற வீட்டில் போய் எத்தனை பேருக்கு வேலை என்று கேட்டுப் பாருங்கள். தறியில் உட்கார்ந்திருப்பவரை மட்டும்தான் காட்டுவார்கள். பக்கத்தில் ஒரு கை ராட்டையைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தக் கைக்குக் கணக்கில் இடம் கிடையாது. நெசவு தெரியாத ஒருவர் இந்த மெஷினுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால் இப்படி ஒரு தப்பு வந்திருக்காது. அவருக்கு இரண்டும் நெசவு வேலையாகத்தான் தெரிந்திருக்கும். தறி வீட்டில் பிறந்த பெண் சொல்லிக் கொடுத்ததால்தான் வந்தது.

உதவி நூலகர் அவளிடம் வாதம் செய்யவில்லை. "உங்க வீட்ல யாரும்மா தார் சுத்துறது?" என்று மட்டும் கேட்டார்.

"எங்க அம்மாங்க."

"அவங்க ஒரு நாள் சுத்தலன்னா?"

"தறி நின்னுடும்" என்று பட்டென்று சொன்னாள். சொன்ன வேகத்தில் வாயை மூடிக்கொண்டாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் பேராசிரியர் வந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல மனிதர். அந்த அறக்கட்டளையைச் சம்மதிக்க வைக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். கை நழுவிப் போய்விடுமோ என்கிற பயம் அவருக்கு. வாசகர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்க்கிற அளவுக்குச் சத்தமாகப் பேசினார்.

"இன்னாங்க மேடம் இது, கடைசி நேரத்துல வந்து பேஜார் பண்ணிகினு இருக்கீங்க? ஒரே ஒரு பேப்பர் கெடச்சிதுன்னு மொத்தத்தையும் நிறுத்தச் சொல்றீங்களே!"

"ஒரு பேப்பர் இல்ல சார். கை விட்டு எடுத்ததுல ஒண்ணு வந்துச்சுன்னா உள்ள இன்னும் இருக்குன்னு அர்த்தம். அதுவும் ஒரே மாதிரி ஆளுங்களப் பத்தினது."

"மெஷினே வேணாம்னு சொல்லிட்டுது. உங்களுக்கு இன்னா வந்துச்சு?"

"மெஷின் சொல்லல சார். நாம வேணாம்னு சொன்னதத் திருப்பிச் சொல்லுது."

பேராசிரியருக்கு முகம் சிவந்துவிட்டது. "லைப்ரரின்னா கேக்குற புக்க எடுத்துக் குடுக்கணும். எத்த ஆராய்ச்சி பண்றதுன்னு நாங்க பாத்துக்கறோம். ஜல்தியா பேரக் குடுங்க, அனுப்பணும்."

உதவி நூலகர் எழுந்து நின்றார். குரலை உயர்த்தவே இல்லை. "இப்படியே அனுப்பறதுன்னா அனுப்புங்க சார். சரிபார்த்தவங்கன்னு எம் பேர மட்டும் போடாதீங்க. நான் சரிபார்த்துட்டேன், சரியா இல்ல."

பேராசிரியர் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க தலைமை லைப்ரரியன். உங்க பேரப் போட்டுக்கறேன்."

அந்த இடத்தில் என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். மெஷினைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொல்லிக் கொடுத்ததுதான். அவர் சொல்வது எவ்வளவு தூரம் சரி என்று எடைபோட எனக்குத் தெரியாது. ஆனால் அவரை எனக்குத் தெரியும். எத்தனையோ தடவை அவர் சரி என்று சொன்னது சரியாகவே இருந்ததைப் பார்த்திருக்கிறேன். "அவங்க போடாத எடத்துல நான் போட மாட்டேங்க. நானும் இந்த லைப்ரரிதான்" என்றேன். பேராசிரியர் நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போனார். உதவி நூலகர் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். "எம் வேலைக்கு ஒல வெச்சிடுவாரா சார்?" என்று கேட்டார். அவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டுதான் அவ்வளவு அமைதியாகப் பேசியிருக்கிறார். எனக்கு அன்றைக்கு அவர்மேல் வந்த மரியாதை இன்றுவரை ஒரு இம்மிகூடக் குறையவில்லை.

இனி முடிவு கலைவாணியின் கையில் இருந்தது. ஆய்வு அவளுடையது. அப்படியே அனுப்பினால் முகாம் நிச்சயம், அப்பாவின் முழங்காலுக்கும் வழி பிறக்கும். நிறுத்தினால் எதுவும் நிச்சயமில்லை. இரண்டு பக்கமும் அவள் வீடுதான்.

மறுநாள் காலையில் நூலகம் திறக்கும்போதே வாசலில் நின்றிருந்தாள். உதவி நூலகரைப் பார்த்ததும் கொட்டித் தீர்த்துவிட்டாள்.

"ராத்திரி சாப்பிடும்போது எங்கம்மாகிட்ட கேட்டேங்க மேடம். எம்மா, நீ இன்னா வேல செய்றன்னு. அதுக்கு இன்னா சொன்னாங்க தெரியுமா? நான் இன்னா வேல செய்றேன், சொம்மாதான் வீட்ல குந்திகினு இருக்கேன்னாங்க. சாதம் பெசையக் கை தூக்க முடியல அவங்களுக்கு. இடது கையால தோளப் புடிச்சிகினுதான் சாப்புடுறாங்க. அத்தப் பாத்துகினேதான் மேடம் நான் வளந்தேன். அப்பா முட்டிக்காகப் படிக்க வந்தவளுக்கு அம்மா தோள் கண்ணுலயே படல." அழுதாள், நடுவில் தன்னைத் தானே திட்டிக்கொண்டு சிரிக்கவும் செய்தாள்.

உதவி நூலகர் அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போய் மெஷினுக்கு முன்னால் உட்கார வைத்தார். "அது நல்ல புள்ளம்மா. சொல்லிக் குடுத்ததக் கத்துகிச்சு. மாத்திச் சொல்லிக் குடுங்க, மாத்திக் கத்துக்கும்."

கலைவாணி தான் "வேண்டாம்" போட்ட கட்டுரைகளை எடுத்து, நூல் சுற்றுகிறவர்கள் உள்ள ஒவ்வொன்றையும் "வேண்டும்" என்று மாற்றினாள். மெஷின் மறுபடி வரிசைப்படுத்தியது. அடியில் கிடந்தவை மேலே எழுந்து வந்ததை நான் பார்த்தேன். நூல் சுற்றுவோர், பாவு போடும் பெண்கள், வீட்டிலிருந்தே செய்கிறவர்கள் என்று எங்கெங்கோ ஊர்களில் யாரோ அக்கறையாகப் போய்ப் பார்த்து எழுதிய கட்டுரைகள். எல்லாம் முதல் நாளே உதவி நூலகர் வீசிய வலையில் வந்து விழுந்தவைதான். அவர் அன்றைக்கு அந்தச் சொற்களைச் சேர்க்காமல் விட்டிருந்தால் தோண்டி எடுக்கக்கூட ஒன்றும் இருந்திருக்காது. இதையெல்லாம் எடுத்துச் சொல்லிப் பெருமைப்படுகிற ஆளில்லை அவர். ஆகவே நான் சொல்கிறேன்.

பேராசிரியரிடம் கலைவாணியே போய்ப் பேசினாள். "இப்படியே அனுப்பினா எங்க வீட்ல பாதிப் பேருக்குத்தான் சார் வைத்தியம்" என்றாளாம். பேராசிரியர் அறக்கட்டளைக்குப் போன் செய்து அவகாசம் கேட்டார். இந்த முறை முடியாது, அடுத்த முறை பரிசீலிக்கிறோம், உறுதி சொல்ல முடியாது என்று பதில் வந்தது. கையில் இருந்தது போய்விட்டது. அவர் எங்கள் இருவரோடும் வெகுகாலம் பேசவில்லை. கலைவாணி மறுபடி எழுதத் தொடங்கினாள். உதவி நூலகர் மறுபடி அடிக் குவியலைக் குத்திக் குத்திப் பார்த்தார். ஒன்றும் அகப்படாத பிறகுதான் தன் பெயரைக் கொடுத்தார்.

இடைப்பட்ட காலத்தில் அவருக்கும் தூக்கம் இல்லை என்பது எனக்குத் தெரியும். "முகாம் வராமலே போயிட்டா நாந்தான சார் காரணம்?" என்று ஒரு தடவை கேட்டார். சரியானதைச் செய்துவிட்டோம் என்பதால் மட்டும் பலன் வந்துவிடாது. உங்களுக்கும் இப்படிப்பட்ட நாட்கள் வரும். அன்றைக்கு உங்களோடு உட்கார்ந்து டீ குடிக்க ஒருவர் இருந்தால் பிழைத்துக்கொள்வீர்கள். நாங்கள் நிறைய டீ குடித்தோம்.

அடுத்த முறை அறக்கட்டளை சம்மதித்தது, முகாம் வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்லூரி வளாகத்திலேயே. தறியில் உட்காருகிறவர்களுக்கு ஒரு வரிசை, தார் சுற்றுகிறவர்களுக்கும் பாவு வேலைக்காரர்களுக்கும் ஒரு வரிசை. பேராசிரியர் நேரே எங்களிடம் வந்து, "வாங்க சார், வாங்க மேடம், டீ சாப்புட்டீங்களா?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவர் பாணியில் அதுதான் மன்னிப்பு. நாங்களும் அப்படியே எடுத்துக்கொண்டோம்.

இரண்டாவது வரிசையின் மேஜையில் கலைவாணி உட்கார்ந்து விவரம் எழுதிக்கொண்டிருந்தாள். பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். என்ன வேலை என்று கேட்டால் பாதிப் பேர் "வீட்லதான்" என்று இழுத்தார்கள். அவள் பொறுமையாக மறுபடி மறுபடி கேட்டாள். வரிசை நகர்ந்து அவளுடைய அம்மாவே அவள் முன்னால் வந்து நின்றார். பின்னால் நின்ற பெண்களெல்லாம் என்ன நடக்கப் போகிறது என்று எட்டிப் பார்த்தார்கள்.

"பேரு?"

"இன்னாடி, எம் பேரு உனக்குத் தெரியாதா?"

"எல்லாரையும் கேக்கற மாதிரி கேக்கணும்மா. சொல்லு."

"பச்சையம்மா."

"இன்னா வேல செய்றீங்க?"

அந்த அம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டார். மகளைப் பார்த்தார். திரும்பித் தனக்குப் பின்னால் நிற்கும் வரிசையைப் பார்த்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"தார் சுத்துறேன். கல்யாணம் ஆயி வந்ததுலருந்து சுத்திகினுதான் இருக்கேன். வலது தோள் தூக்க முடியல. ஜல்தியா எழுதிக்க, பின்னால ஆளுங்க நின்னுகினு இருக்காங்க."

என் பக்கத்தில் நின்றிருந்த உதவி நூலகர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். பச்சையம்மாவுக்குப் பின்னால் நின்ற பெண்ணை மேஜைக்கு அழைத்தாள் கலைவாணி. என்ன வேலை என்று அவள் கேட்டு முடிப்பதற்குள், "தார் சுத்துறேன்" என்றது குரல்.